ஆறு அவுன்சு குறைவு

ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றாத ஆண்டுகளில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துக் கண்மாய்கள் கரை தொட்டு நிற்கும். மார்கழி பிறந்ததும் கருவேல மர நிழல்களில் தூண்டிற்காரர்கள் இடம் பிடித்துக்கொள்வர். மூங்கிற்கழி ஒன்று, தங்கூசி நரம்பு சில முழம், மிதப்பதற்குத் தக்கை, சிரட்டையில் ஈரமண்ணோடு மண்புழு: முதலீடு அவ்வளவே. ஆலையில் இரவு முறை முடித்துவிட்டு, உறங்கப் போகாமல் நேரே கரைக்கு வருகிறவர் உண்டு; பணி ஓய்வு பெற்றுப் பொழுது போகாதவர் உண்டு; பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு வந்து நிற்கும் சிறுவனும் உண்டு. பொழுது சாய்கையில் சிலர் கெண்டையும் ஜிலேபியும் கோத்த நாரைத் தூக்கிக்கொண்டு நடப்பர். பலர் வெறுங்கையோடு நடப்பர். "கண்மாயில் தண்ணீராவது இருந்ததா?" என்று வீட்டுக்காரி கேட்பாள். அன்றிரவு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அத்தோடு அந்தத் தோல்வியின் கணக்குத் தீர்ந்துவிடும்.

அவ்வளவு எளிதில் கணக்குத் தீராத இடமும் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டில் தூண்டில் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பத் தலைவர்கள் பலர் இருக்கின்றனர். போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணம் கட்டி, படகை வண்டியில் பூட்டி இழுத்துக்கொண்டு, மாநிலம் விட்டு மாநிலம் ஓடுவது அவர்தம் வாழ்க்கை. ஒரு பருவத்துக்குப் பல்லாயிரம் டாலர் கட்டணமாகவே போய்விடும். எரிபொருள், தங்குமிடம், படகுக் கடன் தவணை ஆகியவை தனி. மீன் அகப்படாவிடில் இவற்றுள் எதுவும் திரும்பி வாராது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் ஒரு தராசு முள்ளின் நுனியில் ஊசலாடுகின்றன எனலாம்.

இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் ரே ஸ்காட் என்பவர். அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் காப்பீட்டு முகவராக இருந்தவர். 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆர்க்கன்சா மாநிலத்து பீவர் ஏரியில், ஆளுக்கு 100 டாலர் கட்டணத்தில் 106 பேரைத் திரட்டிப் பந்தயம் நடத்தினார். மறு ஆண்டே அதற்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். 1971-இல் நெவாடாவின் மீட் ஏரியில் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' என்னும் முதன்மைப் போட்டி பிறந்தது. எந்த ஏரியில் போட்டி என்பதை முன்கூட்டிச் சொல்லாமலே 24 பேரை விமானத்தில் ஏற்றிச் சென்றனர். பரிசு 10,000 டாலர், முதல்வனுக்கு மட்டுமே, இரண்டாம் இடத்துக்கு ஒன்றுமில்லை. பாபி மர்ரி என்பவர் அதனை வென்றார். பிற்காலத்தில் இரண்டாம் இடத்தாருக்கும் பணம் உண்டு என்றாயிற்று. ஆயினும் அந்தக் கோப்பையைப் பொறுத்தவரை, முதல்வன், மற்றவர் என்னும் இரண்டே பிரிவு என்ற எண்ணம் இன்றும் அவர்களிடையே நிற்கிறது.

பாஸ் என்பது அந்நாட்டு நன்னீர் மீன். பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் முதலிய வகைகள் பந்தயத்துக்குரியவை. நம் கண்மாய் மீன்களுள் குணத்தால் அதற்கு நெருங்கியது விராலே. இரண்டும் இரை தின்னிகள். இரண்டும் நீர்ச்செடிகளின் அடியிலும் மூழ்கிய கட்டைகளின் நிழலிலும் பதுங்கி, மேலே தத்தும் தவளையைப் பாய்ந்து கவ்வுவன. விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் கீழே காவல் நிற்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். பாஸ் இனத்தில் முட்டையிட்ட தாய் அகன்றுவிட, தந்தை மீனே உண்ணாமல் கூட்டைக் காக்கிறது. அந்த வேளையில் அருகில் எது விழுந்தாலும் சினந்து பாயும். பசியில்லாத மீனும் தூண்டிலில் சிக்குவது இப்படித்தான். விராலையும் இவ்வாறே பிடிக்கிறார்கள். குஞ்சு காக்கும் விராலைப் பிடிக்கலாகாது என்று தடுக்கும் பெரியவர்களும் நம் கரைகளில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

போட்டியின் விதிகள் கடுமையானவை. உயிருள்ள இரை கூடாது; மரத்தாலும் நெகிழியாலும் இறகாலும் செய்த போலி இரைகளே வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மீன்களின் எடை மட்டும் கணக்கில் சேரும். ஆறாவது சிக்கினால் ஐந்தில் மிகச் சிறியதைத் தண்ணீரில் விட்டுவிடலாம். குறித்த நீளத்துக்குக் குறைந்த மீன் செல்லாது. கரைக்கு வந்து சேரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பவுண்டு எடை கழிக்கப்படும். மீன் இறந்து போனாலும் கழிவு உண்டு. ஆகவே படகிலேயே நீர் சுழலும் தொட்டி வைத்து மீனைச் சாகாமல் காக்கின்றனர். நிறுத்தான பின் மீண்டும் நீரில் விட்டுவிடுகின்றனர். 1972 முதல் ஸ்காட் புகுத்திய வழக்கம் இது. நம் ஊரில் ஒருவர் இரண்டு கிலோ விராலைப் பிடித்து, நிறுத்துப் பார்த்து, மறுபடியும் கண்மாயில் விட்டுவிட்டு வந்தாரானால் வீட்டில் என்ன நிகழும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

எடையை அவர்கள் பவுண்டு, அவுன்சுக் கணக்கில் சொல்வர். 16 அவுன்சு ஒரு பவுண்டு. ஓர் அவுன்சு ஏறத்தாழ 28 கிராம். இதனை நினைவில் கொண்டால் பின்வரும் செய்தி விளங்கும்.

2005-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் பிட்ஸ்பர்க் நகரில் நடைபெற்றது. ராஜபாளையம் நூற்பாலைகளால் வளர்ந்தது போல எஃகு ஆலைகளால் வளர்ந்த நகரம் அது. அலகெனி, மொனாங்ககேலா என்னும் ஆறுகள் நகரின் நடுவே கூடி ஒகையோ ஆறாகின்றன. நூறாண்டுக்கு மேலாக ஆலைக் கழிவுகளைச் சுமந்த ஆறுகள் அவை. 1980-களில் பெரிய ஆலைகள் மூடப்பட்ட பின், தண்ணீர் மெல்லத் தெளிந்து மீன்களும் திரும்பின. கரையில் உயர்ந்த கட்டடங்களும் விளையாட்டு அரங்குகளும் நிற்க, அவற்றின் நிழலில் தூண்டில் போடுவது ஊராருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மீன்தான் ஒத்துழைக்கவில்லை.

அந்த ஆண்டின் தேர்ந்த தொழில்முறைத் தூண்டிற்காரர்கள் நாற்பதுக்கு மேற்பட்டோர் அங்குக் கூடினர். 250 குதிரைத்திறன் வரை ஆற்றலுடைய படகுகள்; நீரின் ஆழத்தையும் அடியிலுள்ள பாறையையும் மீனையும் காட்டும் கருவிகள்; பெட்டி பெட்டியாகப் போலி இரைகள். கோடை வெயிலில் மூன்று நாளும் இவர்கள் பாலத்தூண்களையும் கற்கரைகளையும் துழாவினர். நாளுக்கு ஐந்தாக மூன்று நாளுக்குப் பதினைந்து மீன் நிறுக்கலாம். ஆனால் ஒரு நாளின் ஐந்தை நிரப்புவதே பெரும்பாடாயிற்று. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கும் நிறுவை மேடையில், விளக்குகளின் நடுவே, தம் பெயர் அழைக்கப்படும்போது பையில் ஒன்றுமில்லாமல் ஏறி வந்தவர்களும் உண்டு. ஒரு மீனும் இல்லாதவரும் மேடையேறிக் கூட்டத்துக்கு முகம் காட்டுவது அங்கு வழக்கம். நம் கண்மாய்க்காரருக்குக் குறுக்குப் பாதை வழியே வீடு போய்ச் சேரும் வசதியாவது இருக்கிறது.

மூன்றாம் நாள் முடிவில் மிச்சிகன் மாநிலத்துக் கெவின் வேன்டாம் வென்றார். அவருடைய மொத்த எடை 12 பவுண்டு 15 அவுன்சு. ஏறத்தாழ 5 கிலோ 870 கிராம். கிளாசிக் வரலாற்றிலேயே வென்றவர் ஒருவர் நிறுத்த மிகக் குறைந்த எடை அதுதான். இரண்டாம் இடம் பெற்ற ஆரன் மார்ட்டென்சு நிறுத்தது 12 பவுண்டு 9 அவுன்சு. இடைவெளி ஆறு அவுன்சு. நம் கணக்கில் 170 கிராம். குழம்புக்கு ஒரு கைப்பிடி அயிரை போடுவோமே, அந்த அளவு. மூன்று நாளில் சிக்கிய மீன்களுள் ஏதேனும் ஒன்று சற்றுப் பருத்ததாக வாய்த்திருந்தால் கோப்பை கை மாறியிருக்கும்.

இந்த மார்ட்டென்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1972-இல் பிறந்தவர், கலிபோர்னியாவில் வளர்ந்தவர். அவருக்குத் தூண்டில் துணை அவருடைய தாயார் கேரல்! இருவர் சேர்ந்து ஒரு படகில் போட்டியிடும் பந்தயங்களில் தாயும் மகனுமாகக் கலந்துகொண்டு பலரைத் தோற்கடித்தனர். மேற்குப் பகுதியின் தெளிந்த ஏரிகளில் பழகியதால், மெல்லிய நரம்பும் சிறிய இரையும் கொண்டு நயமாக மீனை ஏமாற்றும் கலை அவருக்குக் கைவந்தது. நரம்பின் நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே சற்று உயரத்தில் முள் என்று கட்டும் முறை ஒன்று உண்டு. குண்டு தரையில் கிடக்க, இரை அதற்கு மேல் அந்தரத்தில் துடிக்கும். அம்முறையில் அவரை மிஞ்ச ஆள் அரிது என்பர். பின்னர் அலபாமாவில் குடியேறி, மனைவி மக்களோடு வாழ்ந்தார். பிறவித் திறனாளர் என்னும் பொருளில் ஒரு பட்டப்பெயரும் அவருக்கு வழங்கியது.

அந்தத் திறனாளருக்குக் கிளாசிக் கோப்பை மட்டும் எட்டவில்லை. 2002-இல் அலபாமாவின் லே ஏரியில் ஜே யேலாசுக்கு அடுத்து நின்றார். யேலாசு மூன்று நாளும் முன்னணியில் இருந்தவர். அவரிடம் தோற்றதில் வியப்பில்லை. 2004-இல் இரு கரோலினாக்களின் எல்லையிலுள்ள வைலி ஏரியில் நேர்ந்ததுதான் மனத்தை உறுத்துவது. அங்கு அவரை முந்தியவர் ஜப்பான் நாட்டுத் தக்காஹிரோ ஒமோரி. 1992-இல் ஆங்கிலம் அறியாமல் அமெரிக்கா வந்து, தங்க இடமின்றித் தம் வண்டியிலேயே படுத்துறங்கி, இந்தத் தொழிலைக் கற்றவர் ஒமோரி. கடைசி நாளில், நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது நல்ல மீன்கள் அவருக்கு அடுத்தடுத்துச் சிக்கின. அவற்றால் அவர் வென்றார். மார்ட்டென்சு மறுபடியும் இரண்டாமவர். அந்தச் சில நிமிடங்களில் மார்ட்டென்சு எந்தப் பிழையும் செய்யவில்லை. ஏரியின் வேறொரு மூலையில் வேறொருவர் இரையை வேறொரு மீன் கவ்வியது, அவ்வளவே. 2005-இல் அந்த ஆறு அவுன்சு.

இந்த விளையாட்டின் விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. கபடியில் எதிராளி கண் முன்னே நிற்கிறான். அவனை மடக்கலாம், அவனிடமிருந்து தப்பலாம். தூண்டிற் பந்தயத்தில் எதிராளி செய்வதை நாம் தடுக்க இயலாது. பெரும்பாலும் அவன் எங்கிருக்கிறான் என்பதே தெரியாது. ஒவ்வொருவனும் தன் தண்ணீரோடு தனியே மல்லுக்கு நிற்கிறான். மாலையில் தராசு எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சொல்கிறது.

தண்ணீர் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கு 2011-ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு கிளாசிக் மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் லூயிசியானாக் கழிமுகத்தில், பிப்ரவரி மாதத்தில் நடந்தது. 2006 முதல் இப்போட்டியைக் கோடையிலிருந்து மாற்றி, ஆண்டின் முற்பகுதிக்குக் கொண்டுவந்திருந்தனர். சதுப்பு நிலம், செடி அடர்ந்த ஆழமற்ற நீர், முட்டையிடக் கரையொதுங்கும் பருத்த மீன்கள். வென்றவர் அதே வேன்டாம். இரண்டாமவர் அதே மார்ட்டென்சு. ஆனால் இம்முறை வேன்டாம் நிறுத்தது 69 பவுண்டு 11 அவுன்சு, அதாவது 31 கிலோ 600 கிராமுக்குச் சற்று மேல். அதே மனிதர், அதே மூன்று நாள், அதே பதினைந்து மீன் வரம்பு. எடை மட்டும் ஐந்து மடங்குக்கும் அதிகம். மார்ட்டென்சு நிறுத்ததோ 59 பவுண்டு. பிட்ஸ்பர்க்கில் கோப்பை பெற்றுத் தந்த எடையைப் போல நான்கரை மடங்கை நிறுத்தும் அவர் தோற்றார். ஆறு அவுன்சால் தோற்றவர் அம்முறை பத்துப் பவுண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் தோற்றார். இவற்றுள் எது பெரிய தோல்வி என்று எந்தத் தராசைக் கொண்டு நிறுப்பது?

நம் நாட்டுப் பழக்கம் ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கமும், சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரிப் பக்கமும் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடத்துவர். விடியுமுன்னரே சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் கரையைச் சூழ்ந்துவிடுவர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒருசேர இறங்குவர். ஊத்தாக் கூடை, கச்சா, சிறு வலை, சிலர் கையில் வேட்டித் துணி. ஒரு மணி நேரத்தில் கண்மாய் சேறாகக் கலங்கிவிடும். பக்கத்தில் நிற்பவன் ஊத்தாவுக்குள் கையளவு கட்லா துள்ள, நம் ஊத்தாவில் சேறு மட்டும் இருக்கும். ஓரடி தள்ளிக் கவிழ்த்திருந்தால் அந்தக் கட்லா நம்முடையது. அதற்காக அங்கு யாரும் தலையில் கை வைத்து அமர்வதில்லை. பிடித்த மீனைப் பெரும்பாலும் விற்பதுமில்லை. ஊர் முழுதும் அன்று மீன் மணக்கும். கிடைக்காதவன் வீட்டுக்கும் மணம் வரத்தானே செய்யும்! பணமும் பட்டியலும் புகுந்தவிடத்தில்தான் ஓரடித் தொலைவு ஒரு மனிதனின் வாழ்நாள் முழுதும் உடன் வருகிறது. இரவெல்லாம் வலை வீசி வெறுங்கையோடு கரையேறிய கலிலேயர்களை வாசகர் பலர் இந்நேரம் எண்ணியிருப்பர். அவர்களும் தொழில்முறையினரே, ஒன்றும் அகப்படாத அந்தக் காலையிலும் உட்கார்ந்து வலையை அலசிக்கொண்டிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

மார்ட்டென்சும் அப்படித்தான் வலையை அலசினார் போலும். பிட்ஸ்பர்க்கில் ஆறு அவுன்சால் தோற்ற அதே 2005-ஆம் ஆண்டில், பருவம் முழுவதுக்குமான மொத்தப் புள்ளிகளில் முதலிடம் பெற்று, ஆண்டின் சிறந்த தூண்டிற்காரர் என்னும் பட்டத்தை வென்றவர் அவர்! மூன்று நாள் போட்டியில் தண்ணீரின் மனம் எப்படியும் புரளலாம். மாதக்கணக்கில், பல ஏரிகளில், பல வானிலைகளில் திரண்ட கணக்கில் ஆளின் திறமை ஓரளவேனும் தெளிந்துவிடும். அறிந்தவர்கள் கிளாசிக் கோப்பையைவிட இப்பட்டத்தையே அரிதாக மதிப்பதுண்டு. அவர்கள் மதிப்பீடே சரியென்பது நம் கருத்து. ஆனால் விளக்கொளியும் பெருந்தொகையும் கூட்டமும் கோப்பையின் பக்கமே நிற்கின்றன. 2013-லும் 2015-லும் அவர் மீண்டும் அப்பட்டத்தை வென்றார். அந்தச் சங்கத்தின் போட்டிகளில் ஒன்பதில் முதலிடம் பெற்றார். நிறுவை மேடையில் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தவர்கள் அவரிடம் கேட்டதெல்லாம் கிளாசிக் எப்போது என்பதாகத்தான் இருந்தது.

இத்தொழிலில் வறண்ட காலம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு ரிக் கிளன் என்னும் முதியவரைக் காட்டுவர். 1976, 1977, 1984, 1990 ஆகிய ஆண்டுகளில் கிளாசிக்கை நான்கு முறை வென்றவர் அவர். 2002-க்குப் பின் பதினான்கு ஆண்டுகள் ஒரு வெற்றியும் இல்லை. இளைஞர்கள் அவரை மரியாதையோடு வணங்கிவிட்டு முந்திச் சென்றுகொண்டிருந்தனர். 2016-இல் புளோரிடாவின் செயின்ட் ஜான்சு ஆற்றில், 69-ஆம் வயதில் வென்றார். 2019-இல் அதே ஆற்றில், 72-ஆம் வயதில் மறுபடியும் வென்று, அச்சங்கத்தின் போட்டிகளில் வென்றவர்களுள் மிக மூத்தவர் ஆனார். காத்திருக்க ஆயுள் வாய்த்தவர் கிளன்.

மார்ட்டென்சுக்கு அது வாய்க்கவில்லை. 2020-ஆம் ஆண்டில் அவருக்கு மூளையில் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. அறுவை மருத்துவமும் தொடர் சிகிச்சையுமாக ஒன்றரை ஆண்டு கடந்தது. 2021 நவம்பர் 4-ஆம் நாள், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டு, 49-ஆம் வயதில் காலமானார். அவரை நான்கு முறை முந்தியவர்களும், அவரால் முந்தப்பட்ட எண்ணற்றவர்களும் அவருக்காகத் துக்கம் கொண்டாடினர்.

கிளாசிக் வென்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2002, 2004, 2005, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளின் முடிவுகளில், இரண்டாம் வரியில் இருக்கிறது.